ஒரே சி புரோகிராம், இரண்டு விடை: எந்தக் கம்பைலர் தப்பு?

கேள்வி இதுதான். ஒரு மாணவர் ஐ என்று ஒரு இன்ட் (முழு எண்) மாறி வைத்து, அதில் 5 போட்டு, ஒரே பிரிண்ட்எஃப் வரியில் ஐ++ என்பதை (இருக்கும் மதிப்பைக் கொடுத்துவிட்டு ஐ-யில் ஒன்று கூட்டுவது) இரண்டு முறை கொடுத்து அச்சிட்டிருக்கிறார். கல்லூரி லேபில் இருக்கும் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் (எழுதிய புரோகிராமை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர்) "6 5" வந்தது. நண்பரின் லினக்ஸ் லேப்டாப்பில் ஜிசிசி-யிலும் "6 5". இவருடைய மேக்கில் மட்டும் "5 6". "மேக்கிலும் ஜிசிசி என்றுதான் கமாண்ட் அடித்தேன். ஒரே மொழி, ஒரே கம்பைலர், ஒரே புரோகிராம். விடை மட்டும் எப்படி மாறும்? எதில் பக்?" என்று கேட்கிறார்.

முதலில் மேக் விஷயம். அதில் நீங்கள் ஓட்டியது ஜிசிசி இல்லை. ஆப்பிளின் டெவலப்பர் கருவிகளை மட்டும் போட்டுவைத்த மேக்கில், ஜிசிசி என்று அடித்தாலும் பின்னால் வந்து நிற்பது கிளாங் என்ற வேறொரு கம்பைலர்தான். பழைய ஸ்கிரிப்டுகள் உடையாமல் இருக்க அந்தப் பெயரை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வெர்ஷன் கேட்டுப் பாருங்கள், கிளாங் என்று அதுவே ஒப்புக்கொள்ளும். ஆக நீங்கள் ஒப்பிட்டது மூன்று வெவ்வேறு கம்பைலர்களை.

அடுத்து, எதில் பக் என்ற கேள்வி. எதிலும் இல்லை. மூன்றும் சரி. "6 5" என்பதும் சரி, "5 6" என்பதும் சரி, நாளைக்கு ஒரு கம்பைலர் "5 5" என்று போட்டாலும் அதை யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் புரோகிராமுக்கு சி மொழியில் அர்த்தமே கிடையாது என்பதுதான் விஷயம். இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்கும் சில வருஷம் ஆயிற்று.

"சி-யில் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்கியுமென்ட்டுகள் (அடைப்புக்குறிக்குள் போடும் மதிப்புகள்) வலமிருந்து இடமாகக் கணக்கிடப்படும்" என்று உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நம்மூர் கைடுகளில் இது ஒரு விதியாகவே அச்சாகி வருகிறது. சி தரநிலையில் அப்படி ஒரு விதி இல்லை. ஆனால் இந்த வதந்திக்கு ஒரு நியாயமான பிறப்புக் கதை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய இன்டெல் இயந்திரங்களில் ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது ஆர்கியுமென்ட்டுகளை ஒவ்வொன்றாக நினைவகத்தில் ஸ்டாக் என்ற இடத்தில் அடுக்குவார்கள். தட்டு அடுக்குவது மாதிரி: கடைசியில் வைத்தது மேலே இருக்கும். பிரிண்ட்எஃப்-க்கு எத்தனை ஆர்கியுமென்ட் வருகிறது என்று முன்கூட்டியே தெரியாது. முதல் ஆர்கியுமென்ட்டாக வரும் அந்த ஃபார்மேட் வரியைப் படித்த பிறகுதான் மீதி எத்தனை, என்ன வகை என்று அதற்கே புரியும். அந்த முதல் ஆர்கியுமென்ட் எப்போதும் ஒரே இடத்தில், அடுக்கின் மேலே, கிடைக்க வேண்டும் என்றால் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். அதனால் அடுக்குவது வலமிருந்து இடம். கம்பைலர் எழுதியவர்கள், அடுக்கும்போதே கணக்கையும் போட்டுவிடலாமே என்று அப்படியே செய்தார்கள். டர்போ சி-யில் வலப்பக்க ஐ++ முதலில் நடந்து 5 போகிறது, அப்புறம் இடப்பக்கத்தில் 6. அச்சில் "6 5". அடுக்கும் வரிசை என்பது அந்த இயந்திரத்துக்கான ஏற்பாடு. கணக்கிடும் வரிசை அதற்குத் துணையாக வந்து ஒட்டிக்கொண்டது. மொழி இரண்டையும் பற்றி வாயே திறக்கவில்லை.

இதில் வேடிக்கை, இன்றைய 64 பிட் லினக்ஸில் முதல் சில ஆர்கியுமென்ட்டுகள் ஸ்டாக்குக்குப் போவதே இல்லை. இன்டெல் லினக்ஸில் முதல் 6 முழு எண் ஆர்கியுமென்ட்டுகள் ரெஜிஸ்டர்களில், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன இடங்களில், போகின்றன. தட்டும் இல்லை, அடுக்கும் இல்லை. ஆனாலும் ஜிசிசி பழைய வழக்கத்தை விடாமல் வலமிருந்து கணக்கிடுகிறது. கிளாங், நாம் படிக்கும் வரிசையிலேயே இடமிருந்து போகிறது. லேபில் டர்போ சி, வீட்டில் ஜிசிசி என்று இருந்த தலைமுறைக்கு இரண்டும் ஒரே விடையைக் கொடுத்ததால், கைடில் இருந்த விதி உண்மை என்றே நிலைத்துவிட்டது. அதைக் கேள்வி கேட்க ஒரு மேக் வர வேண்டியிருந்தது.

சரி, மொழி ஏன் இதைச் சொல்லாமல் விட்டது?

சி மொழி பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி கையில் 1970-களின் தொடக்கத்தில் உருவானபோது, கம்பைலர் என்ன செய்கிறதோ அதுதான் மொழி. பிறகு அது பரவியது. 1978 வாக்கிலேயே பிடிபி-11, ஹனிவெல் 6000, ஐபிஎம் 370, இன்டர்டேட்டா 8/32 என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்தது. பிடிபி-11-இல் இன்ட் 16 பிட், ஹனிவெல்லில் 36 பிட். ஹனிவெல்லில் ஒரு எழுத்துக்கு 8 பிட் கூட இல்லை, 9 பிட். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையும் ஐபிஎம்-இல் ஆஸ்கி கிடையாது, எப்சிடிக். 1983-இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பு ஒரு குழுவைப் போட்டு, 1989-இல் முதல் தரநிலை வெளிவந்தபோது, அந்தக் குழுவின் முன்னால் இருந்தது ஏற்கெனவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த ஒரு மொழி. எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று எழுதினால், யாரோ ஒருவருடைய இயந்திரத்தில் ஒவ்வொரு கூட்டலுக்கும் இரண்டு கட்டளை கூடுதலாக ஓட வேண்டும். அதனால் பல இடங்களில் வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் விட்டார்கள்.

அப்படி விட்டதிலும் மூன்று தரம் உண்டு. "கம்பைலர் தன் இஷ்டப்படி ஒன்றைத் தேர்வு செய்யலாம், ஆனால் எதைத் தேர்வு செய்தது என்று எழுதிவைக்க வேண்டும்" என்பது முதல் வகை. இன்ட் எத்தனை பிட் என்பது இதில் சேரும். "சில வழிகளில் ஏதாவது ஒன்று நடக்கும், எது என்று சொல்ல வேண்டியதில்லை" என்பது இரண்டாம் வகை. இரண்டு ஃபங்ஷன்களை அழைத்து அவற்றின் விடைகளைக் கூட்டும்போது எது முதலில் ஓடும் என்பது இப்படி. மூன்றாவதுதான் எமன்: அன்டிஃபைன்ட் பிஹேவியர், வரையறை இல்லாத நடத்தை. அதைத் தொட்டுவிட்டால் தரநிலை முழுசாகக் கை கழுவிவிடுகிறது. புரோகிராம் விழலாம், தப்பான விடை தரலாம், சரியான விடையும் தரலாம். ஒரே வரிக்குள் ஒரே மாறியை, இடையில் ஒழுங்குபடுத்தும் புள்ளி எதுவும் இல்லாமல் இரண்டு முறை மாற்றினால் இந்த மூன்றாம் வகை. ஆர்கியுமென்ட்டுகளுக்கு நடுவே இருக்கும் கமா அப்படி ஒழுங்குபடுத்தும் புள்ளி கிடையாது. உங்கள் ஐ++ மாட்டிக்கொண்டது இங்கேதான்.

முதல் வகையை எல்லோரும் சாது என்று நினைக்கிறார்கள். எனக்கு அதிகம் சேதம் செய்தது அதுதான்.

லேபில் ஃபேக்டோரியல் புரோகிராம் எழுதியிருப்பீர்கள். டர்போ சி-யில் இன்ட் 16 பிட், அதிகபட்சம் 32767. 8-இன் ஃபேக்டோரியல் 40320, அது கொள்ளாது, -25216 என்று வரும். மைனஸ் வந்ததும் மாணவர் முழித்துக்கொள்வார். அதே புரோகிராம் இன்றைய கம்பைலரில் 12 வரை ஒழுங்காக ஓடும். 13 கொடுத்தால் பெரும்பாலும் 1932053504 என்று வரும். உண்மையான விடை 6227020800. ஆனால் வந்த எண்ணைப் பாருங்கள், பிளஸ்தான், பெரிசாகத்தான் இருக்கிறது, பார்க்க ஃபேக்டோரியல் மாதிரியேதான் இருக்கிறது. பழைய கம்பைலரில் உடனே கண்ணில் பட்ட தப்பு, புதியதில் மறைந்துகொண்டது.

லாங் வகை இன்னும் மோசம். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். 1970 முதல் இன்றுவரை கடந்த மில்லி விநாடிகளை லாங்கில் போட்டு வைத்த லினக்ஸ் புரோகிராமை விண்டோஸுக்குக் கொண்டுபோனால், அந்த மாறியில் 25 நாளைக்கான மில்லி விநாடிகள்கூடக் கொள்ளாது.

இப்போது நான் சொந்தமாகப் பட்டது. பல வருஷத்துக்கு முன் வேலை பார்த்த ஓர் இடத்தில் எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு சி புரோகிராம் இருந்தது. எஸ்எம்எஸ்-இல் ஆங்கிலச் செய்தி என்றால் 160 எழுத்து, தமிழ் போன்ற எழுத்துகள் இருந்தால் வேறு என்கோடிங், 70 எழுத்து. செய்தி எந்த வகை என்று கண்டுபிடிக்க நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தேன்: ஒவ்வொரு பைட்டையும் கேர் வகை (ஒரு பைட் கொள்ளும் எழுத்து வகை) மாறியில் எடுத்து, அது பூஜ்யத்தைவிடச் சின்னதா என்று பார்ப்பது. யுடிஎஃப்-8-இல் "அ" என்ற எழுத்து 224, 174, 133 என்று மூன்று பைட். இன்டெல் இயந்திரத்தில் ஜிசிசி கேர் வகையை மைனஸும் கொள்ளும் எண்ணாக எடுத்துக்கொள்ளும், அதனால் அவை -32, -82, -123 என்று தெரியும். பூஜ்யத்தைவிடச் சின்னது, ஆக ஆங்கிலம் இல்லை. அருமையாக ஓடியது, இரண்டு வருஷம்.

அப்புறம் செலவைக் குறைக்க, இன்டெல்லை விட்டு ஏஆர்எம் என்ற வேறு வகைச் சிப் கொண்ட சர்வர்களுக்கு மாறினோம். ஏஆர்எம் லினக்ஸில் அதே ஜிசிசி, அதே கேர் வகையை மைனஸ் இல்லாத எண்ணாக எடுக்கும். ஏன் என்றால், ஆரம்பகால ஏஆர்எம் சிப்புகளில் ஒரு பைட்டை மைனஸ் குறியோடு ஏற்றும் கட்டளையே கிடையாது. பிளஸாக வைத்துக்கொள்வதுதான் மலிவு, வழக்கம் அப்படியே நிலைத்தது. 224 என்பது 224-ஆகவே நின்றது. எந்தப் பைட்டும் பூஜ்யத்தைவிடச் சின்னதாக இல்லை. எல்லாத் தமிழ்ச் செய்தியும் ஆங்கிலம் என்று முடிவாகி, வாடிக்கையாளர்களுக்கு வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் போய்ச் சேர்ந்தன. எங்கள் சோதனைகள் அத்தனையும் பச்சை, ஏனென்றால் சோதனைகளை ஓட்டிய இயந்திரம் இன்டெல். சர்வரை மாற்றிய அன்றே பிரச்சினை வந்ததால் நெட்வொர்க்காரர்களைத்தான் முதல் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். தரநிலையில் இது வெளிப்படையாக எழுதியிருக்கிறது, ஜிசிசி ஆவணத்திலும் இருக்கிறது. படிக்காதது நான்.

கூடுதல் குழப்பத்துக்கு, ஆப்பிளின் ஏஆர்எம் மேக்கில் கேர் மைனஸும் கொள்ளும். சிப் ஒரே குடும்பம், வழக்கம் வேறு. ஏஆர்எம் மேக்கில் சோதித்து, ஏஆர்எம் லினக்ஸ் ஓடும் ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஓட்டுபவர்கள் கவனிக்க.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதே இனத்தில் இன்னொரு பள்ளம், அகல எழுத்து வகை. விண்டோஸில் அது 2 பைட், லினக்ஸில் 4. வழக்கமான தமிழ் எழுத்துகள் எல்லாம் 2 பைட்டில் அடங்கிவிடும் என்பதால் யாருக்கும் பிரச்சினை தெரிவதில்லை. ஆனால் 2019-இல் யூனிகோடில் சேர்ந்த முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. 1/320 என்ற முந்திரிக் குறி ஒன்றே ஒன்றுதான் இருக்கும் வரியின் நீளத்தைக் கேட்டால் லினக்ஸ் 1 என்னும், விண்டோஸ் 2 என்னும். கல்வெட்டு, ஓலைச்சுவடி கணக்குகளை எண்மமாக்குபவர்கள் தவிர வேறு யாரும் இதில் விழ வாய்ப்பில்லை. எமோஜி போட்டால் மட்டும் எல்லோரும் விழுவார்கள்.

மூன்றாம் வகைக்கு வருகிறேன். அன்டிஃபைன்ட் என்றால் "இயந்திரத்தைப் பொறுத்து விடை மாறும்" என்றுதான் பலர் நினைக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முன் அது ஏறக்குறைய உண்மை. இப்போது இல்லை. இன்றைய கம்பைலர், "இந்தப் புரோகிராமை எழுதியவர் அன்டிஃபைன்ட் எதையும் செய்யமாட்டார்" என்று நம்பி, அந்த நம்பிக்கையை ஆதாரமாக வைத்து மேலே மேலே முடிவெடுக்கிறது.

உதாரணம்: கூட்டினால் கொள்ளளவு தாண்டுமா என்று பார்க்க, எக்ஸ்-உடன் 100 கூட்டினால் எக்ஸைவிடச் சின்னதாகிறதா என்று ஒரு சோதனை எழுதுகிறீர்கள். மைனஸ் கொள்ளும் எண்கள் கொள்ளளவைத் தாண்டுவது அன்டிஃபைன்ட். ஆகவே அது நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. நடக்காது என்றால் எக்ஸ் கூட்டல் 100 எப்போதும் எக்ஸைவிடப் பெரிசு. ஆகவே உங்கள் சோதனை எப்போதும் பொய். ஆகவே அதை அழித்துவிடலாம். ஆப்டிமைசேஷன் (புரோகிராமை வேகமாக்கக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் சோதனை வேலை செய்யலாம், ஆப்டிமைசேஷன் போட்டால் காணாமல் போகலாம். கம்பைலர்கூட மாறவில்லை பாருங்கள், ஒரே ஒரு ஃபிளாக். எந்தக் காவலை வாசலில் நிறுத்தினீர்களோ அதையே அது வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

இது தத்துவ விவாதம் மட்டும் இல்லை. 2009-இல் லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் இப்படி ஒன்று வெளிப்பட்டது. ஒரு பாயின்டர் (நினைவக முகவரி வைத்திருக்கும் மாறி) வழியாக முதலில் ஒரு மதிப்பை எடுத்துவிட்டு, அடுத்த வரிகளில்தான் அந்தப் பாயின்டர் வெற்றா என்று சோதித்திருந்தார்கள். வெற்றுப் பாயின்டர் வழியாகப் படிப்பது அன்டிஃபைன்ட். ஏற்கெனவே படித்தாயிற்று, ஆகவே வெற்றாக இருக்க முடியாது, ஆகவே சோதனை தேவையில்லை என்று ஜிசிசி அதை நீக்கியது. வெறும் கிராஷ் ஆக முடிந்திருக்க வேண்டியது, சாதாரண பயனர் ரூட் அதிகாரம், அதாவது முழு நிர்வாக அதிகாரம், பிடிக்கும் ஓட்டையானது. அதன்பிறகு கெர்னலை, அந்த வகைச் சோதனைகளை நீக்காதே என்ற ஃபிளாக்கோடு கம்பைல் செய்கிறார்கள். கூடவே கொள்ளளவு தாண்டினால் சுற்றி வரட்டும் என்று சொல்லும் ஃபிளாக்கும் உண்டு. கறாராகப் பார்த்தால், லினக்ஸ் கெர்னல் எழுதப்பட்டிருப்பது தரநிலை சி-யில் இல்லை. அதற்கென்று ஓர் உள்ளூர் வழக்கு.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால், ஒரு பக்கமாகச் சொல்ல முடியவில்லை. 2010-இல் ஃபெடோரா 14-இல் ஃப்ளாஷ் வீடியோக்களில் ஒலி கரகரத்தது. காரணம், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்ற ஃபங்ஷன். நகலெடுக்கும் இடமும் எடுக்கப்படும் இடமும் ஒன்றன் மேல் ஒன்று விழக்கூடாது என்பது அதன் நிபந்தனை, விழுந்தால் அன்டிஃபைன்ட். ஃப்ளாஷ் அந்த நிபந்தனையை மீறியிருந்தது. முன்னிருந்து பின்னாக நகலெடுத்தவரை எதுவும் தெரியவில்லை. சில இன்டெல் சிப்புகளில் வேகம் கூட என்று குனு சி நூலகத்தினர் பின்னிருந்து முன்னாக எடுக்கும்படி மாற்றியதும் ஒலி சிதைந்தது. தரநிலைப்படி தப்பு ஃப்ளாஷ் மேல். ஆனால் நேற்றுவரை பாட்டுக் கேட்டவருக்குத் தரநிலை எதற்கு? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்தப் பிழை விவாதத்தில் இறங்கி, பயனரைப் பாதிக்கும் மாற்றத்துக்கு விதிப்புத்தகம் சமாதானம் ஆகாது என்ற பக்கம் வாதாடினார். கடைசியில் பழைய புரோகிராம்களுக்குப் பாதுகாப்பான பழைய நடத்தை, புதிதாகக் கம்பைல் செய்பவற்றுக்குப் புதியது என்று வெர்ஷன் பிரித்துச் சமாளித்தார்கள். எனக்கு அந்தத் தீர்வு பிடிக்கும். மீறியவரைத் தண்டிக்க இடையில் நிற்பவரை அடிக்கவில்லை.

"அப்படியானால் ஜாவா, பைதான் பக்கம் போய்விடுகிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். ஜாவா இந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் கறாராகப் பிறந்தது: இன்ட் எங்கும் 32 பிட், கணக்கு எங்கும் இடமிருந்து வலம். உங்கள் ஐ++ இரண்டும் ஜாவாவில் எந்த இயந்திரத்திலும் 5, 6 என்றுதான் வரும். ஆனாலும் அதற்கும் ஒரு சறுக்கல். அன்றைய இன்டெல் சிப்புகளின் தசம எண் பிரிவு உள்ளுக்குள் 80 பிட்டில் கணக்குப் போடும். ஜாவா கேட்டதோ 64 பிட். ஒவ்வொரு முறையும் சுருக்கினால் வேகம் போகிறது. எனவே 1998-இல் வந்த ஜாவா 1.2, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று தளர்த்தியது, கறார் வேண்டுபவர்கள் ஸ்ட்ரிக்ட்எஃப்பி என்று எழுதிக்கொள்ளச் சொன்னது. சிப்புகள் திருந்திப் பல வருஷமான பிறகு, 2021-இல் ஜாவா 17-இல்தான் அந்தத் தளர்வு திரும்பப் பெறப்பட்டது. சி பக்கம் இதே 80 பிட் விவகாரம் ஜிசிசி-யின் பிழைப் பட்டியலில் 323-ஆம் எண்ணாகக் குந்தியிருந்து, வருஷக்கணக்கில் "இதுவும் அதே பிழைதான்" என்று புதுப்புதுப் புகார்களை வாங்கிக்கொண்டிருந்தது.

பைதானில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பெரும்பாலானோருக்கு மொழி என்றாலே, பைதானை ஓட்டும் வழக்கமான மென்பொருளான சிபைதான்தான், அது செய்வதெல்லாம் விதி என்று பழகிவிடுகிறோம். ஃபைலைத் திறந்து, மூடாமல் விட்டாலும் சிபைதானில் அதைப் பிடித்திருக்கும் மாறி போனவுடன் ஃபைல் மூடிக்கொள்ளும். யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. பைதானை ஓட்டும் இன்னொரு மென்பொருளான பைபை அப்படி எண்ணுவதில்லை, வேண்டாத நினைவகத்தைக் குப்பை அள்ள வரும்போதுதான் மூடும். ஆயிரக்கணக்கில் ஃபைல் திறக்கும் ஸ்கிரிப்ட் அங்கே "திறந்த ஃபைல்கள் அதிகம்" என்று விழும். டிக்‌ஷனரி, சேர்த்த வரிசையிலேயே திரும்பக் கிடைப்பது சிபைதான் 3.6-இல் தற்செயல் வசதி, 3.7-இலிருந்து மொழியின் உறுதிமொழி. இடைப்பட்ட காலத்தில் அதை நம்பி எழுதியவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

ஜாவாஸ்கிரிப்டில் நான் மறக்காத ஒன்று, குரோமில் வரிசைப்படுத்தும் சார்ட் ஃபங்ஷன். சமமான இரண்டு உறுப்புகள் பழைய வரிசையிலேயே நிற்குமா என்று மொழி வாக்குக் கொடுக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் நின்றன. குரோமின் வி8 இன்ஜினில் 10 உறுப்பு வரை ஒரு முறை, அதற்கு மேல் குயிக்சார்ட். ஆகவே பத்து வரி வைத்துச் சோதித்தால் நிற்கும், பதினொன்றாவது வரி சேர்ந்தால் கலையும். மாதிரித் தரவில் பத்துக்கு மேல் போடும் பொறுமை யாருக்கு இருக்கிறது? 2018-இல் குரோம் 70 அதை மாற்றியது, 2019-இன் தரநிலை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

இப்போது உங்கள் கைக்கு எட்டும் வேலைகள். எழுதுவதை எப்போதும் இரண்டு கம்பைலரில் ஓட்டுங்கள், ஒன்று ஜிசிசி, ஒன்று கிளாங். ஆப்டிமைசேஷனோடும் இல்லாமலும் ஓட்டுங்கள். விடை மாறினால் கம்பைலர் மேல் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் வரி மேல் சந்தேகப்படுங்கள்; நூற்றில் ஒரு தடவை உண்மையிலேயே கம்பைலர் பிழையாக இருக்கலாம், எனக்கு அது இதுவரை ஒருமுறை வாய்த்தது. எண்ணின் அளவு முக்கியம் என்றால் இன்ட், லாங் என்று எழுதாமல், சி99 முதல் இருக்கும் 32 பிட், 64 பிட் என்று பெயரிலேயே அளவு சொல்லும் வகைகளைப் பயன்படுத்துங்கள். பைட்டுகளைத் தொடும்போது கேர் என்று மொட்டையாக எழுதாமல் அன்சைன்ட் கேர் என்று எழுதுங்கள். அன்டிஃபைன்ட் சானிடைசர் என்று இரண்டு கம்பைலரிலும் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு ஓட்டினால் கொள்ளளவு தாண்டிய வரியின் எண்ணோடு சொல்லிவிடும். எல்லாவற்றையும் பிடிக்காது, உங்கள் ஐ++ மாதிரி வரிசைத் தப்புகளை அது பிடிக்காது. கீபோர்டு பஃபரைத் துடைக்க எஃப்ஃப்ளஷ் ஃபங்ஷனுக்கு எஸ்டிடின் (கீபோர்டு உள்ளீடு) கொடுக்கும் பழக்கம் லேபில் தொற்றியிருந்தால் விட்டுவிடுங்கள்: உள்ளீட்டுக்கு அது அன்டிஃபைன்ட், பழைய விண்டோஸ் கம்பைலர்களில் வேலை செய்தது, மைக்ரோசாஃப்ட்டே 2015 பதிப்பில் நிறுத்திவிட்டது.

கடைசியாக நீங்கள் கேட்டது, இன்டர்னல் பரீட்சையில் இதே கேள்வி வந்தால் என்ன எழுதுவது. கேள்வியே கேட்கக் கூடாதது என்பது என் கருத்து. ஆனால் மார்க் உங்களுடையது. "டர்போ சி-யில் 6 5 வரும், தரநிலைப்படி இதன் விடை வரையறுக்கப்படவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதுங்கள், திருத்துபவர் எந்தப் பக்கம் இருந்தாலும் பிழைத்துக்கொள்வீர்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வாதாட வேண்டாம். உங்கள் மேக்கில் அந்தப் புரோகிராமைக் கம்பைல் செய்யும்போதே, ஐ-யை ஒழுங்கில்லாமல் பலமுறை மாற்றுகிறாய் என்று கிளாங் கேட்காமலே ஓர் எச்சரிக்கை போட்டிருக்கும், நீங்கள் விடையைப் பார்க்கும் அவசரத்தில் மேலே தள்ளிவிட்டிருப்பீர்கள். நண்பரின் லினக்ஸில் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் டபிள்யூ-ஆல் ஃபிளாக்கைப் போட்டால் ஜிசிசி-யும் "இது அன்டிஃபைன்டாக இருக்கலாம்" என்று சொல்லும். "6 5" என்று விடை கொடுத்த அதே ஜிசிசி. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள்.